கிருமி இல்லாத காய்ச்சல்

அப்பாவுக்கு முதன்முதலாகக் காய்ச்சல் வந்த சாயங்காலம் எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதவே கூசுகிறது. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நான் அப்போது வீட்டிலிருந்தே தினமும் பேருந்தில் போய்க் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா இரண்டாம் வகுப்போடு சரி. அம்மா அதுவும் இல்லை. டைபாய்டு, காலரா, காசநோய் என்று நான் மனப்பாடம் செய்துவைத்திருந்ததற்கெல்லாம் வீட்டில் இதுவரை வேலை இல்லாமல் இருந்தது. இப்போது வந்துவிட்டது.

மருந்துக்கடையில் ஒரு பாதரச வெப்பமானி வாங்கினேன். கோடு போட்ட நோட்டு ஒன்று எடுத்து, தேதி, எத்தனை டிகிரி, காரணம் என்று மூன்று பத்தி பிரித்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் அந்தக் கண்ணாடிக் குச்சியை வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் பேச முடியாது. அம்மாதான் பேசினாள்.

"பாருங்க, உங்கள வாயை மூடவெக்க ஒரு ஆள் படிச்சுட்டு வந்துட்டான்."

அப்பா கண்ணாலேயே சிரித்தார்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். வேலம்பாளையத்தில் நாங்கள் இருந்த லைன் வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வருவார். துணி ரோல் வந்து இறங்கினால் மேஜையில் விரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ரோலிலும் ஓரத்தில் விரலகலம் வெட்டி எடுப்பார். அந்தத் துண்டுகளைக் கையில் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவார். சாயப்பட்டறையில் ஒரே பெயர் சொல்லி அனுப்பிய சிவப்பில் நாலு சிவப்பு இருக்கும். எந்த ரோல் எதோடு சேரும், எது சேராது என்று பிரித்துவைத்த பிறகுதான் கத்தி. தவறிப்போய்க் கலந்தால் உடம்பு ஒரு சிவப்பிலும் கை ஒரு சிவப்பிலும் தைத்து வரும். "ட்யூப் லைட்ட நம்பாத. அது எல்லாத்தையும் ஒண்ணாக் காட்டும்" என்பார். அந்தக் கம்பெனியில் ஷேட் விஷயத்தில் அப்பா சொன்னால் அதற்கு மேல் முதலாளியும் பேச மாட்டார்.

காய்ச்சல் தினமும் டீ நேரத்துக்கு வந்தது. குளிர், நடுக்கம் எதுவும் கிடையாது. நாலு மணிக்கு உள்ளங்கால் சுடும், கண் எரியும், ஏழு மணிக்கு வேர்த்து விட்டுவிடும். பத்து நாள் பார்த்துவிட்டு, பக்கத்துத் தெரு லேபில் ரத்தம் எடுக்கச் சொல்லி, அதைக் கல்லூரிக்கே கொண்டுபோனேன். ஆசிரியரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, டைபாய்டுக்கான சோதனையை என் கையாலேயே செய்தேன். சொட்டு திரிந்தால் டைபாய்டு. கண்ணாடித் தகட்டில் சொட்டுகள் லேசாகத் திரிந்தன. லேசாகத்தான். எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடிக்கும் பாதிப் பேருக்கு அந்த அளவு திரியும் என்று ஆசிரியர் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. கிளினிக் டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் என் முகத்தையும் ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். நோட்டில் காரணப் பத்தியில் 'டைபாய்டு' என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

நாலு நாள் காய்ச்சல் இல்லை. அம்மா முருகனுக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டாள். ஐந்தாம் நாள் நாலு மணிக்கு அப்பா வேலையிலிருந்து சீக்கிரமே வந்து சைக்கிளைச் சாத்தினார். உள்ளங்கால் சுடுகிறது என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம். அப்பாவின் பெல்ட்டில் ஆணியால் புதிய ஓட்டைகள் விழுந்தன. சோறு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி ரத்தம் பார்த்ததில் ஈ.எஸ்.ஆர். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடம்புக்குள் எங்கோ அழற்சி நடக்கிறது என்பதற்கு அது அடையாளம். டாக்டர் யோசித்தார். "வயித்த ஒரு ஸ்கேன் பாத்துரலாமா?" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். "சார், காய்ச்சல், எடை குறையுது, ஈ.எஸ்.ஆர். ஏறியிருக்குதுங்க. முப்பது வருசமாப் பஞ்சுத் தூசிலயே இருக்கறாருங்க. காசநோயா இருக்கும்ல சார்?"

"சளியில கிருமி ஒண்ணும் வரலியே தம்பி."

"கிருமி வராமயும் இருக்கும்னு புக்குல இருக்குதுங்க சார்."

அவர் சிரித்தார். "நீயே பாதி டாக்டராட்டத்தான் இருக்கறே" என்றார். வெளியே வரிசை நீண்டிருந்தது. காசநோய் மாத்திரை தொடங்கிப் பார்க்கலாம், ஸ்கேனை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நான் படித்த புத்தகத்தில் காய்ச்சல் என்றால் கிருமி. கிருமி எது என்பதுதான் கேள்வி. கிருமியே இல்லாத காய்ச்சல் எங்கள் பாடத்தில் ஒரு பத்தியில் இருந்திருக்கும். தேர்வுக்கு வராத பத்தியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவை உட்காரவைத்து மாத்திரைகளை விளக்கினேன்.

"ஏனுங்ப்பா, இந்தச் செகப்பு மாத்திரை இருக்குதுல்லங்க. இதைப் போட்டா ஒண்ணுக்குச் செகப்பாப் போகும். மாத்திரையோட சாயம். பயந்துக்க வேண்டாம்."

"சாயமா? நம்ம ஊரு மாத்திரையாட்ட இருக்குது" என்றார் அப்பா.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் ஊரில் கலர் கலராக ஓடும் தண்ணீரைப் பார்த்து யாரும் நிற்பதில்லை. பட்டறையில் அன்றைக்கு என்ன கலர் போட்டார்களோ அதுதான் ஓடைக்கு. அப்பா தலையாட்டிக்கொண்டார். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதைத்தான் எடுப்பேன்.

மாத்திரை தொடங்கிய நான்காவது மாதம் அவர் கட்டிங் மேஜையருகே மயங்கி விழுந்தார். கம்பெனி வேனிலேயே கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். நான் வகுப்பிலிருந்து ஓடினேன். அங்கே ஒரு பெண் மருத்துவர் அப்பாவைப் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே ஒரு கையும் முதுகுப்பக்கம் ஒரு கையும் கொடுத்து அழுத்தினார். அழுத்தியவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"ஒண்ணுக்குல ரத்தம் போச்சுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். அவரைக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். "டிபி மாத்திரை சாப்புடறாருங்க மேடம். அதனால செகப்பாத்தான் போகும்."

"நான் அவரைக் கேட்டேன்" என்றார் மருத்துவர்.

அப்பா தயங்கினார். பிறகு, சேராத ரோலைத் தள்ளிவைக்கும்போது பேசும் அதே குரலில் சொன்னார்.

"ரெண்டு ஷேட் வருதுங்கம்மா. காலையில மாத்திரை போட்டொடனே வர்றது ஆரஞ்சு. அது எல்லா நாளும் ஒரே மாதிரிங்க. நடுவுல சில நாளு மத்தியானத்துல மெரூன் வரும். அதுல நூலாட்ட என்னமோ கெடக்கும். கம்பெனியில வெளிய வெயில்ல போறதுனால நல்லாத் தெரியும்ங்க."

"எத்தனை நாளா?"

"மாத்திரை ஆரம்பிச்சு ஒரு மாசத்துல இருந்துங்க."



ஸ்கேனில் இடது சிறுநீரகத்தில் ஒரு புற்றுக்கட்டி, தேங்காய் அளவுக்கு. பேருந்தில் திரும்பி வரும்போது ஜன்னல் சீட்டை அப்பாவுக்கு விட்டேன். பல்லடம் ரோட்டில் கேட்டேன்.

"ஏனுங்ப்பா எங்கிட்டச் சொல்லலீங்க?"

"நீதானே கண்ணு மாத்திரைச் சாயம்னு சொன்னே."

"ஆனா உங்களுக்கு வேற ஷேட்னு தெரிஞ்சுதுல்லங்க."

"தெரிஞ்சுது." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்ற கண்ணுக்குத் தெரிஞ்சுதுதான். படிச்சவன் சொல்றானே, ஒடம்புக்குள்ள நடக்கறது நமக்கு என்ன தெரியும்னு உட்டுட்டேன்."

கம்பெனியில் யார் சொன்னாலும் தன் கண்ணை விட்டுக்கொடுக்காத மனிதர். எனக்காக விட்டுக்கொடுத்திருந்தார்.

சிறுநீரகத்தை எடுத்தார்கள். எடுத்த மூன்றாம் நாளே நாலு மணிக் காய்ச்சல் நின்றுபோனது. அது எனக்குப் புரியவில்லை. எந்தக் கிருமியையும் யாரும் கொல்லவில்லை. ஒரு கட்டியை வெட்டி எடுத்தார்கள், காய்ச்சல் போய்விட்டது. மருத்துவரிடம் கேட்டேன். அவருக்கு என்மீது கோபம் இருந்திருக்க வேண்டும். ஆனால் பொறுமையாகச் சொன்னார்.

உடம்பில் எங்காவது கிருமி நுழைந்தால் அங்கிருக்கும் செல்கள் சில வேதிப்பொருள்களை ரத்தத்தில் அனுப்பும். அவைதான் செய்தி. மூளைக்குப் போனால் சூட்டை ஏற்று என்று பொருள். கல்லீரலுக்குப் போனால் இன்னின்ன புரதங்களைச் செய் என்று பொருள், ஈ.எஸ்.ஆர். ஏறுவது அதனால். தசையிடம் போனால் கரைந்து கொடு என்று பொருள். சைட்டோகைன் என்று பொதுப்பெயர். நானும் படித்திருந்தேன், பெயர்களை வரிசையாக ஒப்பிப்பேன். நான் படிக்காதது, இந்தச் செய்தியைப் புற்றுநோய்ச் செல்லே எழுதி அனுப்ப முடியும் என்பது. அப்பாவின் கட்டி மாதிரிச் சில கட்டிகள் அந்த வேதிப்பொருள்களை ஓயாமல் ஊற்றுகின்றன. உடம்பு, கிருமி வந்துவிட்டது என்று நம்பிக் கொதிக்கிறது, இளைக்கிறது. அதோடு நிற்பதில்லை. அதே வேதிப்பொருளை வாங்கி அந்தக் கட்டியின் செல்களே வளர்கின்றன. சண்டைபோட வந்த வெள்ளணுக்களைக் கட்டி தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. அவை புது ரத்தக் குழாய் இழுத்துக் கொடுத்து, அதற்குச் சோறு போடத் தொடங்கிவிடுகின்றன.

"அப்ப அந்தக் காய்ச்சல்..." என்றேன்.

"அந்தக் கட்டி பேசின பேச்சு" என்றார். "ஆறு மாசமா தினமும் நாலு மணிக்குப் பேசியிருக்கு."

நான் அதைத் தேதி வாரியாக எழுதிவைத்திருந்தேன். பக்கத்திலேயே காரணமும் எழுதியிருந்தேன்.

அடுத்து எடுத்த எக்ஸ்ரே படத்தில் இரண்டு நுரையீரலிலும் புள்ளிகள் தெரிந்தன. வெட்ட முடியாது. அந்தக் காலத்தில் இருந்தது ஓர் ஊசி. இன்டர்ஃபெரான் என்று பெயர். அதுவும் அதே செய்திக் கூட்டத்தைச் சேர்ந்த ஒரு வேதிப்பொருள்தான். சிலருக்கு மட்டும் வேலை செய்யும், பலருக்குச் செய்யாது என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். ஊசிக்கு என்ன வழி பண்ணினோம் என்பது வேறு கதை, இங்கே வேண்டாம். வாரத்தில் மூன்று நாள், தொடையில் தோலுக்கு அடியில், நானே போடக் கற்றுக்கொண்டேன்.

முதல் ஊசியன்று அப்பா கேட்டார். "இது என்ன பண்ணும் கண்ணு? எனக்குப் புரியறாப்புல சொல்லு."

யோசித்துச் சொன்னேன். "கட்டிங்ல இருந்து போற ஒவ்வொரு பண்டலுக்கும் ஒரு சீட்டு கட்டி உடறீங்கல்லங்க. லைன்ல டெய்லருக சீட்டைப் பாத்துத்தானே தைக்கறாங்க? யாரு எழுதுனாங்கன்னு கேக்கறதில்ல."

"எதுக்குக் கேக்கறாங்க? சீட்டு வந்தாத் தெப்பாங்க."

"அந்தச் சீட்டு புக்கு கட்டியோட கைக்குப் போயிருச்சுங்ப்பா. அதுவா எழுதி அனுப்புது. ஒடம்பு அது சொல்றதத் தெச்சுக் குடுக்குது."

"செக்கிங்ல புடிக்க மாட்டாங்களா?"

"அது நம்ம ரோல்லயே வந்த துணிங்ப்பா. வெளித் துணியில்ல. செக்கிங்லயும் உட்டுருவாங்க."

"செரி. இப்ப நீ குத்தறது?"

"அதே புக்குல வேற சீட்டுங்க. வேலைய நிறுத்துன்னு எழுதுனது."

"அதப் படிக்குமா அது?"

"சில பேருக்குப் படிக்குமாம்ங்க."

"உன்னாட்டப் படிச்சதா இருந்தாச் செரி" என்றார் அப்பா. "என்னாட்ட ரெண்டாங் கிளாஸ்ல ஓடிவந்ததா இருந்தா என்ன பண்ணுவே?"

அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

ஊசி போட்ட மூன்றாவது மணி நேரம் குளிர் வந்தது. பல் கிட்டித்தது, கட்டில் ஆடியது. வீட்டில் இருந்த எல்லாப் போர்வையையும் போட்டுக் கடைசியில் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த வெட்டுத்துணி மூட்டையையும் மேலே வைத்தாள் அம்மா. பிறகு நெருப்பாய்ச் சுட்டது. நான் அந்தச் சூட்டைக் கண்டு சந்தோஷப்பட்டேன். மருந்து உடம்பை எழுப்புகிறது, வெள்ளணுக்கள் திரும்பவும் நம் பக்கம் வருகின்றன என்று நினைத்தேன். அதை அப்பாவிடமும் சொன்னேன்.

"காச்சல் வந்தா நல்லதுங்ப்பா. மருந்து கேக்குதுன்னு அர்த்தம்."

அவர் போர்வைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "போன காச்சல் கெட்டது. இந்தக் காச்சல் நல்லது. இதெல்லாம் எந்தப் புக்குல கண்ணு போட்டிருக்குது?"

கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. நானாகச் சொல்லிக்கொண்டது. வேறு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று தெரியவில்லை. கல்லூரி நூலகத்தில் பழைய இதழ்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டுரையிலும் ஊசி வேலை செய்த சிலரை மட்டும் தேடித் தேடிப் படித்தேன். மற்றவர்கள் இருக்கும் பத்தியைத் தாண்டிவிடுவேன். பேருந்தில், பாத்ரூமில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால், அப்பாவை அந்தச் சிலரில் ஒருவராக உட்காரவைத்துப் பார்ப்பேன். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. நோட்டில் திங்கள், புதன், வெள்ளி. காரணப் பத்தியில் 'ஊசி', 'ஊசி', 'ஊசி'.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். அப்பா கட்டிலில் சாய்ந்து தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வையிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து, சிமென்ட் தரையில் பாதத்தை அழுத்தி வைத்துக்கொண்டார். குளிர்ச்சிக்காக வைக்கிறார் என்று எனக்குச் சட்டெனத் தெரிந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

வெப்பமானியைக் கொடுத்தேன். மூன்று நிமிடம். எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"எவ்வளவு கண்ணு?"

"கொஞ்சந்தாங்ப்பா. வெள்ளிக்கிழமை போட்ட ஊசியோட மிச்சம்."

அப்பா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் நீட்டிய கையை எடுக்கவும் இல்லை. கடைசியில் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, ஜன்னலோரம் போனார். சின்னத் துண்டுகளை விசிறியாகப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதே மாதிரி வெளிச்சத்துக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று, கண்ணாடிக் குச்சியை விரலில் உருட்டி உருட்டிப் பார்த்தார். எழுத்துப் படிக்க வராது. முப்பது வருடம் இஞ்ச் டேப் பிடித்தவருக்கு எண்ணும் கோடும் வரும்.

"நூத்தியொண்ணைத் தாண்டி ரெண்டு கோடு" என்றார். "வெள்ளிக்கிழமை ஊசி ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு எங்கிருந்து வரும்?"

"சில பேருக்கு..."

"ஊசிக் காச்சல் நடுக்கிக்கிட்டு வரும். இது நடுக்கல. சத்தமில்லாம உள்ளங்காலுல ஏறுது." திரும்பி என்னைப் பார்த்தார். "வேற ஷேட் கண்ணு. பழசு."

அம்மா அடுப்பை அணைத்தாள். தெருவில் யாரோ அவுட் என்று கத்தினார்கள்.

நான் அழுதேன். அப்போதுதான் சொன்னேன். ஸ்கேன் வேண்டாமென்று டாக்டரைத் தடுத்தது நான்தான், மாத்திரைச் சாயம் என்று சொன்னதும் நான்தான், ஆறு மாதத்தை வீணடித்ததும் நான்தான் என்று கோர்வையில்லாமல் சொன்னேன். ஸ்கேன் விஷயம் அம்மாவுக்கு அதுவரை தெரியாது. அவள் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா மெதுவாக வந்து கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"கண்ணத் தொடச்சுக்க. நோட்ட எடு" என்றார்.

எடுத்தேன்.

"தேதி போடு. நூத்தியொண்ணு, ரெண்டு கோடு. போட்டுட்டியா?"

"போட்டுட்டனுங்க."

"அந்தக் கடைசிப் பத்தியில என்ன எழுதுவே?"

"காரணம்ங்ப்பா."

"அதுல நாஞ் சொல்றத எழுது. பழைய காச்சல். ஊசி இல்லாத நாளு, நாலு மணி, நடுக்கம் இல்ல. அப்பா சொன்னது. எழுதிட்டு, நாளைக்குப் போறப்ப அந்தம்மாகிட்ட இதக் காட்டு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அப்படியே எழுதினேன். பத்தி சின்னது, எழுத்து நெருங்கி அடுத்த வரிக்கு இறங்கியது.

மறுநாள் மருத்துவர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். "யார் சொன்னது இது?" என்றார். நான் அப்பாவைக் காட்டினேன். அவர் நாற்காலியை அப்பா பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கேள்வியெல்லாம் அப்பாவிடம்தான். அன்றைக்கே படம் எடுத்தார்கள். புள்ளிகள் பெருத்திருந்தன. ஊசியை நிறுத்தினார்கள். கொடுக்க வேறெதுவும் அவர்களிடம் இல்லை.

அப்பா அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தார். தினமும் நாலு மணிக்கு வெப்பமானியை அவரே ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். எழுந்து போக முடியாத நாள்களில் நானும் அம்மாவும் கட்டிலையே ஜன்னலுக்குத் தள்ளினோம்.